மூச்சைப் பார்த்தவள் சொன்னால்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசல் காட்டு ஊர்களில் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒரே கவலைதான்: பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது. மல்லாங்கிணறிலும், காரியாபட்டி, விருதுநகர் வட்டாரத்துக் கிராமங்களிலும் அடுப்படியிலிருந்து உரைகல் வெளியே வரும். கோரோசனை மாத்திரை தாய்ப்பாலில் உரசப்படும். கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிவார்கள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடுபண்ணி நெஞ்சில் தடவுவார்கள். பெரும்பாலான சளி ஒரு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும் என்பதால் இந்தக் கைவைத்தியத்துக்கெல்லாம் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

இறங்காத சளியில்தான் வினை. மூக்கில் இருந்த நோய் நெஞ்சுக்குள் போய் உட்காரும் அந்த வேளையை வீட்டில் யார் கவனிக்கிறார்கள், கவனித்தவர் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே பிள்ளை பிழைக்கிறது. உலகம் முழுக்க இன்றும் ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஐந்து வயதைத் தொடும் முன், நிமோனியாவில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைச் சில ரூபாய் விலையுள்ள மருந்தும் சில மணி நேர ஆக்ஸிஜனும் காப்பாற்றியிருக்கும். இரண்டும் இருக்கிற இடத்துக்கு அந்தக் குழந்தைகள் வந்துசேரத் தாமதமானது.

இந்தத் தாமதத்துக்குத் தாயின் அறியாமையே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். சுகாதாரப் பிரசுரங்களும் மேடைப் பேச்சுகளும் அவளை நோக்கியே விரல் நீட்டுகின்றன. வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. தாய் பெரும்பாலும் பார்த்துவிடுகிறாள். அவள் பார்த்ததை ஏற்றுக்கொள்ள மருத்துவத்துக்கே நூறாண்டுக்கு மேல் ஆனது. வீடும் வேலையிடமும் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

பார்த்தவர்கள் இருந்தார்கள், போக இடம் இல்லை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறு பேர் முதல் ஆண்டைத் தாண்டவில்லை. மழையை நம்பிய கரிசல் நிலம், அடிக்கடி வரும் பஞ்சம், நடந்தே போகவேண்டிய தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரி. ஒரு குடும்பத்தில் பிறந்த எட்டில் தங்கியது நாலு என்று பாட்டிகள் கணக்குச் சொல்வதை நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

அந்தப் பாட்டிகளுக்குக் கண் இல்லாமல் இல்லை. ‘நெஞ்சுக்குழி விழுது’, ‘வயிறு ஏறி ஏறி இறங்குது’, ‘மூக்கு விடைக்குது’, ‘மொனங்கிக்கிட்டே கிடக்கான்’, ‘பால் புடிக்க மாட்டேங்கான்’ என்று அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் இன்றைய குழந்தை மருத்துவப் பாடப்புத்தகத்தில் அபாய அறிகுறியாக இடம்பெற்றிருக்கிறது. சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்கள் குழந்தை நோய்களை மாந்தம், கணம், தோடம் என்று வகுத்து, மூச்சையும் முனகலையும் உடல் நிறத்தையும் பார்க்கச் சொல்லின. கவனிப்பு இருந்தது. அதற்குப் பிறகு செய்யத்தான் ஒன்றும் இல்லை. 1930-களின் கடைசியில் சல்ஃபா மருந்துகளும் 1940-களில் பென்சிலினும் வரும்வரை, லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தைக்கும் நெஞ்சில் இறங்கிய நோய்க்கு நேரடி மருந்து கிடையாது.

செய்ய ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதேதோ செய்தார்கள். அடிவயிற்றில் சூடு போட்டார்கள். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதினார்கள். தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கி, அதுவே ஒருவகை நிமோனியாவாக மாறுவதைத் தென்னிந்திய மருத்துவர்கள் 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பழக்கங்களில் சில இன்னும் நம் வீடுகளில் நடக்கின்றன. நோயை அறிந்த அதே கைகளே நோயைக் கூட்டவும் செய்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தவறு சிகிச்சையில் இருந்தது. அறிகுறியைக் கண்டதில் இல்லை.

கருவி வந்ததும் தாய் பின்னால் போனாள்

1816-இல் பிரான்ஸில் லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டார். நெஞ்சுக்குள் நடப்பதை மருத்துவர் நேரடியாகக் கேட்கவும் பார்க்கவும் முடிந்தது. மருத்துவத்துக்கு அது பெரிய பாய்ச்சல். கூடவே இன்னொன்றும் நடந்தது: தாய் சொல்வது கேஸ் ஷீட்டில் எழுதப்படும் முதல் இரண்டு வரியாகச் சுருங்கியது. உண்மை கருவியில் இருக்கிறது, அவள் சொல்வது வெறும் தகவல் என்ற நினைப்பு வந்துவிட்டது.

எக்ஸ்ரேயும் மருத்துவரும் இருக்கிற ஊருக்கு அது சரி. 1980-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் குழந்தைகள் மூச்சுத்தொற்றில் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எக்ஸ்ரே கருவியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஊர்களில் பிறந்தவர்கள். அங்கே யார் நிமோனியாவைக் கண்டுபிடிப்பது? எதை வைத்து?

முதல் பதில் பப்புவா நியூ கினியின் மலைநாட்டிலிருந்து வந்தது. அங்கே கொரோக்கா மருத்துவமனையில் பணியாற்றிய ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷானும் சக மருத்துவர்களும் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருமும் குழந்தைகளில் யாருக்கு ஆன்டிபயாட்டிக் தேவை, யாரைச் சேர்க்க வேண்டும் என்பதை ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே சொல்ல முடியும் என்றார்கள். மூச்சின் வேகமும், மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே போவதும் போதுமான வழிகாட்டிகள்.

இரண்டாவது பதில் நம் மண்ணிலிருந்தே வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான், மார்க் ஸ்டைன்ஹாஃப் உள்ளிட்டோர் மூச்சுத்தொற்றோடு வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளைச் சோதித்து, 1988-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை எழுதினார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50-க்கு மேலும், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 40-க்கு மேலும் மூச்சு ஓடினால் நோய் நுரையீரலைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். மார்பு உள்ளிழுப்பதும் அப்படியே. இவற்றோடு அவர்கள் சேர்த்த மூன்றாவது அறிகுறியைத்தான் நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை: குழந்தை வேகமாக மூச்சுவிடுகிறது என்று வீட்டார் சொல்லும் சொல். அதுவும் எண்ணிக்கைக்கு நிகராக நம்பத்தக்க அறிகுறி என்று அந்த ஆய்வு கண்டது. கேஸ் ஷீட்டின் முதல் வரியில் ஒதுங்கிக் கிடந்த வாக்குமூலத்தைத் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்று சான்றாக ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுகோல் இத்தகைய ஆய்வுகளின் மேல் எழுந்ததுதான்: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40.

ஒரு நிமிடம் என்ன பார்ப்பது

இதைச் சற்றே நிதானித்துப் பார்க்கலாம். செய்வது எளிது, தவறாகச் செய்வது அதைவிட எளிது.

அழுகிற குழந்தைக்கும் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் மூச்சை எண்ணக் கூடாது. மடியில் அமைதியாகக் கிடக்கும்போது, அல்லது தூங்கும்போது, சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விலாவும் வயிறும் சேருகிற இடம் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தையோ செல்போனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி இங்கே ஏமாற்றும். பச்சைக் குழந்தை சில நொடி வேகவேகமாக மூச்சுவிட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி தொடங்கும், அது இயல்பு. அதனால் எண்ணிக்கை அதிகமாக வந்தால் இன்னொருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து மார்பின் கீழ்விளிம்பு. மூச்சிழுக்கும்போது அது வெளியே விரிய வேண்டும். அப்போது உள்ளே குழிந்தால் பிள்ளை மூச்சுக்குப் போராடுகிறது என்று பொருள். சீழும் நீரும் தேங்கிய நுரையீரல் விறைத்துப்போகிறது. அதை விரிக்க உதரவிதானம் முழுப் பலத்தோடு இழுக்கிறது. குழந்தையின் விலா இன்னும் குருத்தெலும்புப் பதத்தில் இருப்பதால், நுரையீரல் விரிவதற்குப் பதில் விலாக்கூடு உள்ளே வளைகிறது. ‘நெஞ்சுக்குழி விழுது’ என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

இவற்றோடு, பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் கக்குவது, வலிப்பு, எழுப்பினால் கண் திறக்காத மயக்கம், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், நாக்கும் உதடும் நீலம் பாரிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உடனே கிளம்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு விதியே வேறு. அது இருமவே இருமாமல் இருக்கலாம். காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகலாம். முலைக்காம்பை வாயில் வாங்கிவிட்டு உறிஞ்சாமல் விடுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அதைப் பெற்றவளைத் தவிர வேறு யாரும் முதலில் அறிய முடியாது.

வீடு முழுக்க இருமலைத்தான் கேட்கிறது. இருமல் சத்தம் போடும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். மூச்சு சத்தம் போடாது, கிட்டே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நோய் முற்றினால் பிள்ளை இருமக்கூடத் தெம்பில்லாமல் அடங்கிப்போகும். ‘இப்பத் தேவலை, தூங்குறான்’ என்று வீடு நிம்மதி அடையும் நேரம் சில சமயம் மிக மோசமான நேரமாக அமைந்துவிடுவது இதனால்தான்.

மணி நகர்த்தி எண்ணியவர்கள்

எண்ணத் தெரியாத கிராமத்துப் பெண்ணால் இது ஆகுமா என்ற கேள்விக்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பதில் கிடைத்தது. அங்கே அபய் பங், ராணி பங் தம்பதியர் 58 கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவை அறியவும் கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தறியாத மருத்துவச்சிகளுக்காக ஒரு கருவியும் செய்தார்கள். ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீரும் முன் சிவப்பு மணியை நகர்த்த நேர்ந்தால் நிமோனியா. ஐம்பதுவரை எண்ணத் தெரியவேண்டிய தேவையே இல்லை. 1990-இல் வெளியான முடிவுப்படி, இந்தக் கிராமங்களில் நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் விகிதம் ஒப்பீட்டுக் கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவு.

புதிய மருந்து ஒன்றும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. பார்க்கிறவரும் மருந்தும் ஒரே கிராமத்தில், ஒரே நாளில் சேர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

தமிழ்நாடு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கிராமத்துத் தாய்மார்களைக் குழந்தையின் எடையை மாதாமாதம் பார்க்கப் பழக்கியது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுவாசல்வரை வந்தார். ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவிலும் செவிலியரோடு திறந்திருக்கத் தொடங்கின. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2011 டிசம்பரில், நாட்டிலேயே முதலாகக் கேரளத்தோடு சேர்ந்து, நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமியையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியைத் தமிழ்நாடு அறிமுகப்படுத்தியது. 2021 ஜூலையில் நிமோகாக்கல் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் இலவசமானது. 1971-இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 129 சிசுக்கள் இறந்தன. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. மல்லாங்கிணறிலிருந்து அங்கே போக அரைமணி நேரப் பஸ் பயணம் போதும்.

போக இடம் இல்லாத காலம் முடிந்துவிட்டது. அப்படியானால் இன்னும் தாமதமாவது எங்கே?

தடுக்கும் வாசல்கள்

இந்த வட்டாரத்தில் கைக்குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“அத்தை, புள்ளைக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. நெஞ்சப் பாருங்களேன்.”

“சளிதான்த்தா. பல்லு மொளைக்கிற நேரம் அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் பாப்போம். இவன் அப்பனுக்கு வராத சளியா?”

அத்தை கெட்டவர் இல்லை. நாலு பிள்ளை வளர்த்தவர். பத்துமுறை சளி வந்து பத்துமுறையும் போனதைப் பார்த்தவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், கூட ஒரு ஆள் வேண்டும், மகன் வேலையிலிருந்து வர ராத்திரியாகும் என்பதும் அவருக்குத் தெரியும். மருமகளோ முதல் பிள்ளைக்காரி, இருபது இருபத்தோரு வயசு, வீட்டில் அவள் பேச்சுக்கு எடை குறைவு. பார்த்தவள் ஒருத்தி, முடிவெடுப்பவர் இன்னொருவர். நிமோனியாவுக்கு ‘ரெண்டு நாள்’ என்பது நீண்ட காலம். பச்சைக் குழந்தையிடம் அது சில மணி நேரத்தில் ஓடிமுடியும்.

இரண்டாவது வாசல் தொழிற்சாலையுடையது. சிவகாசியின் அய்யநாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து இந்த வறண்ட சீமைக்குப் பிழைப்பு வந்தது. பிறகு பட்டாசு, அச்சகம். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. அந்தப் பிழைப்பின் கணிசமான பாரம் பெண்களின் விரல்நுனியில் இருக்கிறது. தீப்பெட்டிக் கட்டு அடைப்பது, திரி பின்னுவது, காகிதக் குழாய் சுற்றுவது. விடிந்ததும் கம்பெனி வேன் வந்துவிடும். பால் குடிக்கிற பிள்ளையைப் பாட்டியிடமோ, ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட அக்காவிடமோ கொடுத்துவிட்டு ஏறியவர்கள் இந்தச் சீமையின் தாய்மார்கள். பிள்ளையின் மூச்சைப் பார்க்கவேண்டிய கண்கள் பகல் முழுக்க வேறு ஊரில் இருந்தன.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் (1976 திருத்தத்துக்குப் பின் 30 பெண்களுக்கு மேல்) வேலைபார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சொன்னது. முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. வெடிமருந்து கையாளும் வளாகத்துக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோவது ஆபத்து என்பது நியாயமே. அதற்குப் பதில் ஊருக்குள்ளேயே காப்பகம் நடத்த ஆலைகளுக்குப் பணமும் இடமும் இல்லாமல் போகவில்லை. கேட்பவர்கள்தான் இல்லை. சீட்டுக்கூலிக்கு வேலைபார்ப்பவளுக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் நின்றால் அந்தநாள் கூலி இல்லை. இருமல் அறிகுறி பற்றி அவளுக்கு வகுப்பெடுக்கும் முன் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

2015-இல் ஆறு மாதம் முதல் பதினான்கு மாதம்வரை வயதுள்ள மூன்று டெல்லிக் குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பட்டாசுப் புகை வளரும் நுரையீரலைப் பாழாக்குகிறது என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கில்தான் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடையும், பசுமைப் பட்டாசு, இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு என்ற உத்தரவும் வந்தன. சிவகாசி ஸ்தம்பித்தது. வேலை போன வீடுகளில் அடுப்பெரிவதே கேள்வியானது. டெல்லிக் குழந்தையின் நுரையீரல் அரசமைப்புச் சட்டத்தின் உயிர்வாழும் உரிமைக்குள் வந்தது நல்லதுதான். வெடிமருந்துத் தூள் ஒட்டிய சேலையோடு வரும் தாயின் மடியில் ஏறும் குழந்தையின் நுரையீரலைப் பற்றி அதே அளவுக்கு யாரும் வாதாடவில்லை. கந்தகம், அலுமினியத்தூள், வெடியுப்பு இவற்றின் நடுவே வேலைசெய்து வருபவர்கள், குளித்துச் சேலை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குவது நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஆலையிலேயே குளியலறையும் மாற்றுத்துணி வைக்க இடமும் வேண்டும்.

புகை, மருந்து, அவசரத் தீர்வுகள்

வீட்டுக்குள்ளும் புகை உண்டு. சீமைக்கருவேலம் இந்த மாவட்டத்து ஏழையின் விறகு. தண்ணீர் காயவைக்கவாவது இன்னும் அந்த அடுப்பு எரிகிறது. கேஸ் அடுப்பு கொடுத்துவிட்டால் குழந்தைகளின் நிமோனியா குறைந்துவிடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இதைச் சோதிக்க இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் முன்நின்று நடத்தினர். வீட்டுக்குள் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2024-இல் வெளியான முடிவு, கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா அதனால் குறையவில்லை என்றது. புகையில்லா அடுப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. தாயின் கண்ணுக்கும் மூச்சுக்கும் அது தேவை. ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று திரும்பிப் போக முடியாது என்பதே அதன் பாடம். எடை குறைந்த பிறப்பு, தாய்ப்பால், தடுப்பூசி, நெரிசலான ஒற்றை அறை, சீக்கிரம் கண்டுபிடிப்பது எல்லாம் சேர்ந்துதான் வேலைசெய்யும்.

இன்னொரு அவசரத் தீர்வு நமக்குப் பெருத்த அவமானத்தையே தந்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அக்டோபரில் தமிழ்நாடு அந்த மருந்தைத் தடை செய்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளே கொடுக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. நச்சு கலக்காத சிரப்பும் கைக்குழந்தையின் நிமோனியாவைக் குணமாக்காது. மெடிக்கல் ஷாப்பில் ‘பிள்ளைக்கு இருமலுக்கு ஒன்னு குடுங்க’ என்று கேட்டு வாங்கி வருவதும், சத்தத்தை அடக்கிவிட்டு மூச்சைக் கவனிக்காமல் விடுவதும் ஒரே தவறின் இரு பகுதிகள். ஆர்எஸ்வி போன்ற வைரஸால் வரும் மூச்சிரைப்புக்கு ஆன்டிபயாட்டிக்கும் பயன்படாது. அங்கே தேவைப்படுவது ஆக்ஸிஜனும் கவனிப்பும். எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மூச்சு மாறிவிட்டது என்று அறிவது வீட்டின் வேலை.

சொல்லுக்கு அதிகாரம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ரயன் என்ற மூன்று வயது நிரம்பாத சிறுவன் 2007-இல் இறந்தான். அவன் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தும் உரிய நேரத்தில் யாரும் அதன்படி நடக்கவில்லை. 2013-இல் அவன் பெயரிலேயே ஒரு விதி வந்தது: குடும்பம் கவலைப்பட்டுக் கேட்டால் மருத்துவமனை இன்னொரு மருத்துவரைக் கொண்டு உடனே பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மார்த்தா என்ற சிறுமியின் மரணத்துக்குப் பின் 2024 முதல் இதேபோன்ற விதி நடைமுறைக்கு வந்தது. ‘ஏதோ சரியில்லை’ என்று பெற்றவர்கள் சொல்வதை இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போல ஒரு அளவீடாகவே எடுத்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. 1988-இல் வேலூர் சொன்னதை உலகம் இப்போது விதியாக்குகிறது.

அந்த வேலூர் இருக்கிற மாநிலத்தில் நாம் இதைக் கடைசியாகவா செய்வது? மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ‘சான்ஸ்’ நிமோனியா விழிப்புணர்வு இயக்கம் ஆண்டுதோறும் நவம்பர் 12-ஐ ஒட்டிச் சுவரொட்டிகளாக வருகிறது. சுவரொட்டி போதாது. விருதுநகர் 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்வானது. அப்படிப்பட்ட மாவட்டம் இதில் வழிகாட்டலாம்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாயோடு மாமியாரையும் கணவனையும் உட்காரவைத்து, அந்தக் குழந்தையின் மூச்சையே ஒரு நிமிடம் எண்ணவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இந்த வகுப்பைத் தவறவிடுகிற வீடே இருக்க முடியாது. மாமியார் எண்ணிப் பார்த்துவிட்டால் அடுத்தமுறை மருமகள் சொல்லும்போது அவரும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி நாளில் இதையே மறுபடி செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மேசை டிராயரில் பூட்டிக் கிடக்காமல், மூச்சு பற்றிப் புகார் சொல்லும் ஒவ்வொரு குழந்தையின் காலிலும் மாட்டப்பட வேண்டும். தாய் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே புறநோயாளிச் சீட்டில் எழுத வேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர், மூச்சு எவ்வளவு என்பதையும் எண்ணி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஆலைகளுக்கும் பங்கு உண்டு. தொழிலாளர் அதிகம் வரும் ஊர்களில் ஆலைச் சங்கங்கள் கூட்டாகக் காப்பகம் நடத்த முடியும். அங்கே வேலைபார்க்கும் ஆயாவுக்கு மூச்சு எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். தாய்க்குச் செய்தி சொல்ல ஒரு போனும் வேண்டும். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் அன்றைய கூலி வெட்டாமல் அவளை அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு நாடு முழுக்க வெளிச்சம் அனுப்பும் தொழிலுக்கு இது தாங்க முடியாத செலவாகாது.

சிசு மரணம் இருநூறிலிருந்து பதின்மூன்றுக்கு வந்த பாதையில் தடுப்பூசி, மருந்து, சாலை, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அரசு செலவு செய்தது. மிச்சமிருக்கும் தூரத்துக்குத் தேவைப்படும் செலவு குறைவு; விட்டுக்கொடுக்க வேண்டிய அதிகாரம்தான் அதிகம். மாமியார் தன் அனுபவத்தின் அதிகாரத்தில் கொஞ்சம் விட வேண்டும், மேஸ்திரி தன் வருகைப்பதிவின் அதிகாரத்தில் கொஞ்சம், மருத்துவர் தன் கருவியின் அதிகாரத்தில் கொஞ்சம். ஒரு நிமிடத்தில் ஐம்பதுக்கு மேல் எண்ணியவள் ‘போகலாம்’ என்றால் வீட்டில் யார் அனுமதிக்கும் காத்திராமல் கிளம்பலாம் என்பது மல்லாங்கிணறு வீடுகளில் வழக்கமாக வேண்டும். இருபது வயதுத் தாய் ஒருத்தியின் சொல்லுக்கு அந்த எடை கிடைத்துவிட்டால், இந்த நோய் எடுக்கும் உயிர்களில் பலவற்றை அடுத்த பனிக்காலத்திலேயே நாம் தடுத்துவிட முடியும்.